நார்தர்ன் சோல் நடனத் தளத்தில் ஆடவைத்த பாப் தட்டுகள்: எந்தப் பதிப்பை வாங்குவது?

கிக்கி டீ பாடிய ‘ஆன் எ மேஜிக் கார்பெட் ரைட்’ பாட்டைக் கேட்டுப் பிடித்துப்போனவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி, இதை எந்த வடிவத்தில் வாங்குவது என்பதுதான். 1968-ல் ஃபொன்டானா வெளியிட்ட ஓர் ஏழு அங்குலத் தட்டின் பி பக்கத்தில் இருந்த பாட்டு அது. ‘நவ் த ஃப்ளவர்ஸ் க்ரை’ என்ற ஏ பக்கமே ஹிட் பட்டியலுக்கு வரவில்லை. பி பக்கத்தைத் தேடி எடுத்து ஓட்டியவர்கள் வடக்கு இங்கிலாந்தின் நடனக் கூடங்களில் இருந்த டிஜேக்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைக்கு அங்கே எழுந்த அந்த நடன அலைக்குத்தான் நார்தர்ன் சோல் என்று பெயர்.

இப்படிப்பட்ட பாட்டை வாங்க இன்று ஐந்து வழிகள் இருக்கின்றன. 60-களில் வந்த அசல் தட்டு, 70-களில் அந்த நடன அலையை நம்பி நிறுவனங்கள் மறுபடி அச்சடித்த தட்டு, அனுமதியில்லாமல் அடித்த திருட்டுப் பதிப்பு, பின்னாளில் வந்த முறையான தொகுப்பு, கடைசியாக இணைய ஸ்ட்ரீமிங். சோல் தட்டு சேகரிக்கிறவர்களைக் கேட்டால் “அசல்தான் வாங்க வேண்டும், மற்றதெல்லாம் வீண்” என்பார்கள். சிறிய கறுப்பினச் சோல் நிறுவனங்களின் தட்டுகளைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே நடனத் தளத்தில் ஓடிய பாப் பாட்டுகளுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்பது என் கருத்து. 70-களில் ஹிட் ஆன பாப் பாட்டு என்றால் 70-களின் பிரிட்டிஷ் தட்டை வாங்குங்கள். ஹிட்டே ஆகாத பாப் என்றால் முறையான தொகுப்பை வாங்குங்கள். அசலுக்குப் பணம் கொடுக்க வேண்டிய பாட்டுகள் சிலதான். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் நகரப் பகுதியான டன்ஸ்டாலில் இருந்த கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, 1973 செப்டம்பரில் திறந்து 1981 டிசம்பரில் மூடிய விகன் கசினோ. இந்த நான்கு நடனக் கூடங்களையும் சொன்னாலே அந்த இயக்கத்தின் வரைபடம் ஓரளவு வந்துவிடும். லண்டனில் சோல் சிட்டி என்ற இசைத்தட்டுக் கடை நடத்திய டேவ் காடின்தான் 1970-ல் இதற்கு நார்தர்ன் சோல் என்று பெயர் வைத்து எழுதினார். தொழிற்சாலைகளில் வாரம் முழுக்க வேலை பார்த்த இளைஞர்கள், சனிக்கிழமை இரவு ஊர் விட்டு ஊர் வந்து விடிய விடிய ஆடினார்கள். விகனில் ஆட்டம் இரவு இரண்டு மணிக்குத்தான் தொடங்கும், காலை எட்டு மணிக்கு முடியும். மது கிடையாது. சுழல்வதற்குக் கால் வழுக்க வேண்டும் என்று தரையில் டால்கம் பவுடர் தூவிக்கொள்வார்கள். 60-களின் நடுவில், டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாணியில் வந்த வேகமான, தாளம் இறுகிய பாட்டுகள்தான் அவர்களுக்குப் பிடித்தவை. அமெரிக்காவில் விற்காமல் குடோனில் கிடந்த தட்டாக இருந்தால் இன்னும் மதிப்பு.

இதற்குள் பாப் எப்படி வந்தது? காரணம் எளிது. 1965, 66 வாக்கில் மோட்டவுன் உலகம் முழுக்க விற்றது. அதைப் பார்த்து நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் லண்டனிலும் இருந்த பெரிய நிறுவனங்கள் தங்கள் வெள்ளைப் பாப் பாடகர்களுக்கும் அதே தாளத்தைக் கொடுத்துப் பார்த்தன. ‘டயானா’ பாடிப் புகழ்பெற்ற பால் ஆங்கா, ஆர்சிஏ நிறுவனத்துக்காக 1966-ல் ‘ஐ கான்ட் ஹெல்ப் லவிங் யூ’ பாடினார். நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸின் மகன் கேரி லூயிஸ், பிளேபாய்ஸ் குழுவோடு ‘மை ஹார்ட்ஸ் சிம்ஃபனி’ பாடினார். இங்கிலாந்தில் ஹெலன் ஷப்பிரோ ‘ஸ்டாப் அண்ட் யூ வில் பிகம் அவேர்’ பாடினார். ஒவ்வொரு அடியிலும் இறங்கும் டிரம், பின்னால் நிறைய வயலின், உரக்க ஒலிக்கும் பித்தளை ஊதுகருவிகள். ஆடுகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது.

இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ரான் கிரெய்னர் இசைக்குழு வாசித்த ‘ஜோ 90’ என்ற பொம்மைத் தொலைக்காட்சித் தொடரின் இசை வரைக்கும் கசினோவில் ஓடியபோது, பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பாடிப் பணமும் பேரும் கிடைக்காமல் போன கறுப்பினக் கலைஞர்களின் இசைக்காக உருவான இடம் அது. ஆனால் ‘மேஜிக் கார்பெட் ரைட்’ போன்ற ஒரு பாட்டை, பாடியவர் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண் என்பதற்காக மட்டும் ஒதுக்கினால் இழப்பு நமக்குத்தான். அந்த நடனத் தளம் காப்பாற்றிக் கொடுத்த பாப் பாட்டுகளில் ஒரு இருபது முப்பதாவது, எந்த அளவுகோலில் பார்த்தாலும் நல்ல பாட்டுகள். சரி, இனி வாங்குகிற விஷயத்துக்கு வருவோம்.

அசல் தட்டின் விலை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஃபிராங்க் வில்சனின் ‘டூ ஐ லவ் யூ’. மோட்டவுனின் துணை நிறுவனமான சோல் 1965-ல் அடித்து, வெளியிடாமலே விட்ட தட்டு. கைவிரலில் எண்ணிவிடும் அளவுக்குத்தான் பிரதிகள் மிஞ்சின. 2009-ல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்குப் போனது, 2020-ல் ஒன்று ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பாப் தட்டுகளைத் தேடப் போகாதீர்கள். பால் ஆங்காவின் தட்டும் கேரி லூயிஸின் தட்டும் பெரிய நிறுவனங்கள் பெரிய எண்ணிக்கையில் அடித்தவை. ‘மை ஹார்ட்ஸ் சிம்ஃபனி’ 1966-ல் அமெரிக்கப் பட்டியலில் 13-ஆம் இடம் வரை போன பாட்டு. அதை அமெரிக்காவில் லிபர்ட்டி நிறுவனம் அடித்த அசல் இன்றும் சாதாரண விலைக்குக் கிடைக்கும். அசல் வாங்கியே தீர வேண்டும் என்ற ஆசை இருந்தால் இங்கிருந்து தொடங்கலாம்.

தோற்ற பாப் வேறு கதை. ஹெலன் ஷப்பிரோ 1961-ல் பள்ளிப் பருவத்திலேயே இங்கிலாந்தின் முதலிடத்தைப் பிடித்தவர். ‘ஸ்டாப் அண்ட் யூ வில் பிகம் அவேர்’ வந்தபோது அந்தப் புகழ் வடிந்துவிட்டது. அந்தத் தட்டை அப்போது வாங்கியவர்கள் குறைவு, அதனால் இன்று விற்க இருப்பவர்களும் குறைவு. பாடகர் பெயர் பிரபலம் என்பதால் தட்டு மலிவாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் விலையைப் பார்த்துத் திகைப்பது இங்கேதான். தட்டுகளை வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒரு தட்டு இதற்குமுன் என்ன விலைக்கு விற்றது என்ற வரலாறு இருக்கும். விற்கிறவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு அந்த வரலாற்றைப் பாருங்கள்.

அசல் வாங்கும்போது இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 60-களின் அமெரிக்க ஏழு அங்குலத் தட்டுகளில் நிறைய, வினைலில் அடித்தவை அல்ல. ஸ்டைரீன் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் அடித்தவை. கொலம்பியா நிறுவனம் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. ஸ்டைரீன் தட்டு கையில் எடுத்தால் வினைலைவிட லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும், விரல் நகத்தால் ஓரத்தில் தட்டினால் சத்தம் சன்னமாகக் கேட்கும். லேபிளை அச்சோடு சேர்த்து அழுத்தாமல் பெரும்பாலும் மேலே ஒட்டியிருப்பார்கள். கனமான ஊசி போட்டுச் சில தடவை ஓட்டினாலே பள்ளத்தின் சுவர் தேய்ந்துவிடும். தேய்ந்த ஸ்டைரீன், வெளிச்சத்தில் பார்க்கப் பளபளவென்று புதிது மாதிரியே இருக்கும். ஓட்டினால்தான் வயலின் எல்லாம் கரகரப்பது தெரியும். அதிலும் டிஜே கையில் இருந்த தட்டு என்றால், பாட்டைச் சரியாகத் தொடங்க முதல் சில விநாடிகளை முன்னும் பின்னும் உருட்டியிருப்பார். அந்த இடத்தில் புஸ்ஸென்று ஒரு இரைச்சல் நிரந்தரமாக இருக்கும். ஆகவே ஸ்டைரீன் அசலைப் படம் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ஓட்டிக் காட்டி ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். விற்பனைக் குறிப்பில் ‘வி.ஜி.’ (வெரி குட்) என்று போட்டிருந்தால் நல்ல நிலை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரைச்சல் காதில் விழும் நிலை என்றுதான் வியாபாரத்தில் பொருள்.

பிரிட்டிஷ் அசல்களில் இந்தத் தொல்லை குறைவு, அந்தக் காலத்தில் அவை வினைல்தான். அமெரிக்கத் தட்டின் நடு ஓட்டை பெரிதாக இருக்கும், ஓட்ட அடாப்டர் வேண்டும். பிரிட்டிஷ் தட்டில் சின்ன ஓட்டை, அதைச் சுற்றி நான்கு கால் வைத்த நடுத்துண்டு. காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் இயந்திரத்தில் போட அதை உடைத்து எடுத்துவிடுவார்கள். உடைந்திருந்தால் விலை குறையும், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. கேட்பதற்காக வாங்குகிறவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

இப்போது 70-களின் மறுபதிப்புகள். என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டில் சுவையான பகுதி இதுதான். நடனக் கூடங்களில் ஒரு பழைய பாட்டு ஆயிரக்கணக்கானவர்களை இழுக்கிறது என்று தெரிந்ததும் பிரிட்டிஷ் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. ஃபிராங்கி வல்லி 1966-ல் பாடிய ‘யூ ஆர் ரெடி நவ்’ மறுபடி வெளிவந்து, 1971 தொடக்கத்தில் இங்கிலாந்தில் 11-ஆம் இடம் பிடித்தது. 1974-ல் ஆர். டீன் டெய்லரின் ‘தேர்ஸ் எ கோஸ்ட் இன் மை ஹவுஸ்’ மூன்றாம் இடம். இவர் கனடாவைச் சேர்ந்த வெள்ளைக்காரர், மோட்டவுனில் வேலை பார்த்தவர். மோட்டவுனின் பாட்டெழுத்துக் கூட்டணியான ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் மூவரோடு சேர்ந்து எழுதி 1967-ல் மோட்டவுனின் துணை நிறுவனமான விஐபி லேபிளில் வெளியிட்டபோது அந்தப் பாட்டை யாரும் சீண்டவில்லை. 1975-ல் ஃபோர் சீசன்ஸ் குழுவோடு வல்லி பாடிய ‘த நைட்’ ஏழாம் இடம். அது 1972-ல் ‘கமீலியன்’ என்ற எல்பியில், அதாவது பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டில், வந்து அமுங்கிப்போன பாட்டு. அதே 1975-ல் ‘மை ஹார்ட்ஸ் சிம்ஃபனி’யும் இங்கிலாந்தில் 36-ஆம் இடம் வந்தது.

இந்தத் தட்டுகள் லட்சக்கணக்கான வீடுகள் இருக்கும் ஒரு நாட்டின் ஹிட் பட்டியலில் ஏறியவை. அதனால் பிரிட்டனின் பழைய தட்டுச் சந்தைகளிலும் தர்ம காரியத்துக்காகப் பழைய பொருள் விற்கும் சாரிட்டி கடைகளிலும் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன. ‘கோஸ்ட் இன் மை ஹவுஸ்’ பாட்டை எடுத்துக்கொண்டால், கறுப்பு லேபிளில் வெள்ளி எழுத்து போட்ட, மோட்டவுன் இங்கிலாந்தில் டாம்லா மோட்டவுன் என்ற பெயரில் 1974-ல் வெளியிட்ட தட்டையே நான் சொல்வேன். அதே ஒலிப்பதிவு, வினைல் அச்சு, உரிமையாளரே வெளியிட்டது. அமெரிக்க விஐபி தட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் இந்த மாதிரி பல தட்டுகள் வாங்கிவிடலாம்.

ஆனால் மறுபதிப்பு என்று போட்டிருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. பை (Pye) என்ற பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனம் இந்த அலைக்காகவே டிஸ்கோ டிமாண்ட் என்று ஒரு தனித் தொடர் தொடங்கியது. அதில் வந்த வேன் கிப்சனின் ‘அண்டர் மை தம்ப்’, ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டை அவர் 1966-ல் பாடிய பதிவு. 1974-ல் 17-ஆம் இடம் வந்தது. தாராளமாக வாங்கலாம். அதே தொடரில் 1975-ல் ஒன்பதாம் இடம் வந்த ‘ஃபுட்ஸீ’யைப் பாருங்கள். த சோஸன் ஃப்யூ என்ற கனடியக் குழு ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு பி பக்கத்துக்காக வாசித்த சாதாரண இசைத்துண்டு அது. பை நிறுவனம் அதன் வேகத்தைக் கூட்டி, மேலே கூட்டத்தின் ஆரவாரத்தை ஒட்டி, விகன்ஸ் சோஸன் ஃப்யூ என்று புதுப் பெயர் கொடுத்து விற்றது. கசினோவில் ஆடுகிறவர்களே தொலைக்காட்சியில் வந்து அதற்கு ஆடிக் காட்டினார்கள். 1975-ன் இங்கிலாந்து எப்படி இருந்தது என்று கேட்க ஆசைப்பட்டால் அந்தத் தட்டு ஒரு நல்ல ஆவணம். அந்த இசையை வாசித்தவர்கள் வாசித்தபடி கேட்க வேண்டுமென்றால் அது உதவாது.

விகன்ஸ் ஓவேஷன் குழுவின் ‘ஸ்கீயிங் இன் த ஸ்னோ’வும் அப்படித்தான் ஏமாற்றும். பெயரைப் பார்த்து இன்விடேஷன்ஸ் குழு பாடிய பழைய பாட்டு என்று நினைத்து வாங்குவார்கள். அது உள்ளூர் வெள்ளைக்காரக் குழு புதிதாகப் பாடியது. 12-ஆம் இடம் வரை போனதால் சந்தையில் நிறையக் கிடைக்கிறது. இன்விடேஷன்ஸ் பாடியதைக் கேட்டவர்களுக்கு இந்தப் பதிப்பு சப்பென்று இருக்கும்.

திருட்டுப் பதிப்புகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 70-களில் அவை ஏராளம். ஒரு டிஜே லேபிளை மறைத்து, பொய்ப் பெயர் சொல்லி ஓட்டும் பாட்டு எது என்று வெளியே தெரிந்ததும், கொஞ்ச நாளில் அதன் கள்ள அச்சு கூட்டத்துக்குள் விற்பனைக்கு வந்துவிடும். பெரும்பாலானவை இன்னொரு தட்டிலிருந்து எடுத்த ஒலி, மங்கலாக இருக்கும். பாடியவருக்கு ஒரு பைசா போகாது. ஏற்கெனவே அந்தப் பாட்டால் ஒன்றும் சம்பாதிக்காதவரை இரண்டாம் முறை ஏமாற்றும் வேலை இது. வாங்கவே வாங்காதீர்கள். கண்டுபிடிக்க ஒரு வழி, தட்டைச் சாய்த்துப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியைப் பார்ப்பது. அசல் தட்டில் அங்கே அச்சகத்தின் முத்திரையோ, இயந்திரம் பதித்த எண்ணோ இருக்கும். லாஸ் ஏஞ்சலஸின் மொனார்க் அச்சகம் என்றால் ஒரு சின்ன முக்கோணமும் அதையடுத்து ஓர் எண்ணும். அந்த முத்திரை இருக்க வேண்டிய தட்டில் வெறும் கையால் கீறிய எழுத்து மட்டும் இருந்தால் வாங்கும்முன் யாரிடமாவது காட்டுங்கள்.

முறையான தொகுப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது ஏஸ் நிறுவனத்தின் கென்ட் லேபிள். 1982-ல் ‘ஃபார் டான்சர்ஸ் ஒன்லி’ என்ற எல்பியோடு தொடங்கினார்கள். உரிமை வாங்கி, முடிந்தவரை மூலநாடாவைத் தேடி எடுத்து, உள்ளே பக்கம் பக்கமாக எழுதிய குறிப்போடு வெளியிடுகிறார்கள். யார் எழுதினார், யார் இசையமைத்தார், எந்த ஸ்டுடியோ என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில்தான் தெரியவரும். கென்டின் நாட்டம் சோல் பக்கம்தான். பாப் பாட்டுகளுக்கு அந்தந்தப் பாடகரின் 60-களின் பதிவுகளைத் திரட்டிய சிடிக்களையும் தேட வேண்டியிருக்கும். கிக்கி டீயின் ஃபொன்டானா காலப் பாட்டுகள், ஹெலன் ஷப்பிரோ இங்கிலாந்தின் கொலம்பியா லேபிளில் பாடிய காலப் பாட்டுகள் எல்லாம் அப்படி வந்திருக்கின்றன. சிடி என்றால் இன்று யாரும் மதிப்பதில்லை, அதனால் பழைய பிரதிகள் மலிவு. இதுவும் வாங்குகிறவருக்கு லாபம்.

ஸ்ட்ரீமிங், பாட்டு பிடிக்கிறதா என்று முடிவு செய்வதற்கு. அதற்கு அது போதும். ஆனால் இரண்டு பொறிகள் உண்டு. 60-களின் பாடகர்கள் பலர் 80-களிலும் 90-களிலும் தங்கள் பழைய பாட்டுகளைப் புதிதாகப் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். தேடினால் சில சமயம் அதுதான் முதலில் வரும். அட்டைப்படம் பழையதாகவே இருக்கும், சின்தசைசர் கேட்டதும்தான் தெரியும். இன்னொன்று, அன்று நடனக் கூடத்தில் ஓடியது மோனோ கலவை, அதாவது எல்லா ஒலியும் ஒன்றாகச் சேர்ந்தது. இணையத்தில் பெரும்பாலும் எல்பியின் ஸ்டீரியோ கலவை இருக்கும். டிரம் ஒரு காதிலும் குரல் மறு காதிலுமாகப் பிரிந்துவிட்டால் அந்த இறுக்கம் போய்விடும். இந்தப் பாட்டுகளில் தாளத்தின் இறுக்கம் போனால் பாதி போன மாதிரி.

இனி பாட்டு வாரியாக நான் என்ன வாங்கச் சொல்வேன் என்று பார்க்கலாம். டீன் டெய்லர், ஃபிராங்கி வல்லியின் இரண்டு பாட்டுகள், வேன் கிப்சன் இவற்றுக்கெல்லாம் 70-களின் பிரிட்டிஷ் தட்டு. முதல் பெட்டிக்கு இதுவே நல்ல தொடக்கம். கிக்கி டீக்கும் ஹெலன் ஷப்பிரோவுக்கும் தொகுப்பு சிடி. கேரி லூயிஸுக்கும் பால் ஆங்காவுக்கும் அமெரிக்க அசல், ஒலியைக் கேட்டுப் பார்த்த பிறகு.

ம்யூரியல் டேயின் ‘நைன் டைம்ஸ் அவுட் ஆஃப் டென்’ பாட்டுக்கு முடிவெடுப்பது கொஞ்சம் சிரமம். வட அயர்லாந்தில் பிறந்தவர், ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் 1969-ல் அயர்லாந்துக்காகப் பாடிய முதல் பெண். பேஜ் ஒன் லேபிளில் வந்த அந்தப் பாட்டு யூரோவிஷன் ரசிகர்களுக்கும் வேண்டும், நார்தர்ன் சோல் ரசிகர்களுக்கும் வேண்டும். இரண்டு கூட்டம் ஒரே தட்டைத் தேடினால் விலை இறங்காது. தொகுப்பில் கேட்டுக்கொண்டு பொறுமையாக இருப்பதுதான் வழி.

ஜூடி ஸ்ட்ரீட்டின் ‘வாட்’ பாட்டுக்கு ஸ்ட்ரைடர் நிறுவனத்தின் அசல் தட்டைத் தேட வேண்டியதில்லை. 70-களின் பிற்பகுதியில் கிரேப்வைன் லேபிள் உரிமையோடு வெளியிட்ட பிரிட்டிஷ் தட்டு இருக்கிறது. 1982-ல் சாஃப்ட் செல் குழு பாடி மூன்றாம் இடம் பிடித்ததால் பலருக்கும் இந்த மெட்டு தெரிந்திருக்கும். எச். பி. பார்னம் எழுதிய இந்தப் பாட்டை ஜூடிக்கு முன்பே, 1965-ல், நகைச்சுவை நடிகர் கிரௌச்சோ மார்க்ஸின் மகள் மெலிண்டா பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெலிண்டா பாடும்போது அது இனிமையான பாப். ஜூடி பாடும்போது கேள்வி கேட்கும் குரலில் ஒரு அவசரம் வந்துவிடுகிறது, அந்த அவசரத்துக்குத்தான் விகனில் ஆடினார்கள்.

அசலுக்கே பணம் கொடுக்கலாம் என்று நான் தயங்காமல் சொல்வது டானா வேலரியின் ‘யூ டோன்ட் நோ வேர் யுவர் இன்டரஸ்ட் லைஸ்’. பால் சைமன் எழுதியது. சைமனும் கார்ஃபங்கலும் பாடியதை ஒரு பி பக்கத்தில் போட்டார்கள். டானா 1967-ல் பாடியதைக் கேட்டால் இரண்டும் ஒரே பாட்டா என்று தோன்றும். பித்தளைக் கருவிகள் முதல் நொடியிலேயே பாய்கின்றன, அவர் குரல் அதற்கு மேலே ஏறி நிற்கிறது. மோனோ ஏழு அங்குலத் தட்டில் இந்த மோதல் கேட்கும் விதம் வேறு எந்தப் பதிப்பிலும் எனக்குக் கேட்கவில்லை. கொலம்பியாவின் அமெரிக்கத் தட்டு, அதாவது ஸ்டைரீனாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளை லேபிள் போட்டு வானொலி நிலையங்களுக்கு அனுப்பிய விளம்பரப் பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள், பல நிலையங்களில் அது ஒருமுறைகூட ஓடியிருக்காது. ஓட்டும்போது ஊசியின் அழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குள் குறைவாக வையுங்கள், தட்டின் மேல் பின்னோக்கி உருட்டாதீர்கள். வாங்கிய அன்றே ஒரு நல்ல டிஜிட்டல் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் கேட்பதை அதில் கேளுங்கள்.